மெலிந்த, கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டுத் தேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். குதிரையைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கல்யாண ஊர்வலத்துக்கும் எல்கைப் பந்தயத்துக்கும் வாங்கிய குதிரைகளும் மட்டக்குதிரைகளும் கால் கெட்டாலோ வயதானாலோ கண்மாய்க்கரையிலும் புறவழிச்சாலையிலும் அவிழ்த்துவிடப்படுகின்றன. இரக்கப்பட்டு ஓடி வருகிறவர்கள் மாட்டுக்குச் செய்வதையே அதற்கும் செய்கிறார்கள். பிழைத்திருக்க வேண்டிய குதிரைகள் பல அதனாலேயே செத்துப்போகின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த வேறுபாட்டைப் பற்றியவை.

சாலையோரத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை நிற்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பின்பக்கமாகப் போகாதீர்கள். அதன் இடது தோள்பட்டைக்கு நேராக, பேசிக்கொண்டே மெதுவாக நெருங்குங்கள். கயிறு கட்டுவதாக இருந்தால் தலையில் மாட்டும் பட்டைதான் சரி. கழுத்தில் சுருக்குப் போட்டால் மிரண்டு இழுக்கும்போது மூச்சு அடைத்துவிடும்.

நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுங்கள். நீண்ட நேரம் தாகத்தில் இருந்த குதிரைக்கு ஒரே மூச்சில் வாளி வாளியாக வைக்க வேண்டாம். 5 லிட்டர், 20 நிமிட இடைவெளி, மறுபடி 5 லிட்டர். தவிப்பு அடங்கிய பிறகு எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். பிறகு 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணை அழைத்து, நிற்கிறதா படுத்திருக்கிறதா, காயம் எங்கே, லத்தி போட்டதா என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வாக நிற்பது குதிரையின் இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டி, அதில் பாரம் போடாமல் நின்றால் அந்தக் காலில் வலி இருக்கிறது.

பசியோடு இருக்கிறதே, வாழைப்பழமும் கோயில் பொங்கலும் கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பல வாரம் பட்டினி கிடந்த உடல், தன் கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் சோறு, வெல்லம், பழம், கம்பு, தவிடு என்று மாவும் சர்க்கரையும் திடீரென்று போனால் இன்சுலின் பாய்ந்து சுரக்கும். அது இரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியத்தையெல்லாம் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். பட்டினியில் இவற்றின் கையிருப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். இரத்தத்தில் அவை வற்றியதும் இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். பெரும்பாலும் இது முதல் நாளில் தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், 'நன்றாகத் தின்கிறது, தேறிவிட்டது' என்று எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில் குதிரை தள்ளாடி விழும். பத்து நாள் வரை இந்த ஆபத்து உண்டு.

இன்னொன்று: குதிரைக்கு ஒரே இரைப்பைதான், அதுவும் சிறியது. அது அசைபோடாது. வாந்தியும் எடுக்க முடியாது. அதிகமாகப் போன மாவு பின்குடலில் புளித்து, வயிற்றுவலியிலும் குளம்பு அழற்சியிலும் கொண்டுவிடும்.

அப்படியானால் முதல் 10 நாள் எதை, எவ்வளவு கொடுப்பது?

குதிரை மசால், அதாவது லூசர்ன் எனப்படும் பயறுவகைத் தீவனப் பயிர். பெயரிலேயே குதிரை இருக்கிறது. மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம், பாஸ்பரஸும் மக்னீசியமும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை ஆய்வாளர்கள் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்துப் பரிந்துரைத்ததும் இதைத்தான்.

நம் பக்கத்து மட்டக்குதிரை தேறிய நிலையில் 250 கிலோ இருக்க வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 250 கிராம் உலர்ந்த குதிரை மசால். இரவு 2 மணி வேளையும் இதில் சேர்த்தி. ஒரு நாளைக்கு மொத்தம் 1.5 கிலோதான். பார்க்கிறவர்களுக்குக் கல்நெஞ்சம் போலத் தோன்றும், ஆனால் அளவைக் கூட்டாதீர்கள். நான்காம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை 1.1 கிலோ என்ற கணக்குக்கு வரலாம். பத்தாம் நாளுக்குப் பிறகு தின்கிற அளவுக்கு வைக்கலாம். 450 கிலோ இருக்க வேண்டிய பெரிய குதிரை என்றால், முதல் மூன்று நாளில் வேளைக்கு 450 கிராம்.

பச்சையாகக் கிடைத்தால் உலர்ந்ததைப் போல சுமார் நாலரை மடங்கு எடை வேண்டும். 250 கிராமுக்குப் பதில் 1.1 கிலோ. வெட்டியவுடன் தராசில் நிறுத்துவிட்டு, அரை நாள் நிழலில் வாடவிட்டுப் பிறகு போடுங்கள். வாடிய பிறகு நிறுத்தால் கணக்கு தவறும். கைப்பிடி, கட்டு என்று கண்ணளவில் போட வேண்டாம், தொங்கு தராசு ஒன்று கட்டாயம் வேண்டும்.

குதிரை மசால் கிடைக்காவிட்டால்?

கடையில் 'மசால்' என்று கேட்டால் வேலிமசாலைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு செடி. குதிரை மசால் கிடைக்கும்வரை, கழுவி மண் நீக்கிய அருகம்புல்லை அதே சிறு சிறு வேளைகளாகக் கொடுக்கலாம். வைக்கோல் போடாதீர்கள். சத்தில்லாமல் வயிற்றை அடைத்துக்கொள்ளும். சவுண்டல் எனப்படும் சூபாபுல் தழை ஆட்டுக்கு ஆகும். குதிரைக்கு அதிலுள்ள மிமோசின் ஆகாது, பிடரியும் வாலும் உதிரும்.

வந்த மருத்துவரிடம் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லலாமா?

நீங்களாக வற்புறுத்தாதீர்கள். மேலே சொன்ன இன்சுலின் பாய்ச்சலை நரம்பு வழியாக ஏற்றும் குளுக்கோஸும் உண்டாக்கும். நீரிழப்பு இருந்தால் எந்தத் திரவம், எவ்வளவு வேகத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இரத்தத்தில் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் பார்க்க வசதியிருந்தால் முதல் நாளும் நான்காம் நாளும் பார்ப்பது நல்லது. வலி ஊசியிலும் அவசரம் வேண்டாம். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

எடையையும் மெலிவையும் எப்படிக் கணக்கிடுவது?

தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் இன்னொரு அளவு. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 140 செ.மீ., நீளம் 135 செ.மீ. என்றால் சுமார் 223 கிலோ. மிகவும் மெலிந்த குதிரையில் இது கொஞ்சம் பிசகும். வாராவாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இதுவே போதும்.

மெலிவுக்கு 1983-இல் ஹென்னெகி என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. விலா எலும்பு, முதுகெலும்பு, இடுப்பு முனை, வால் அடி எல்லாம் துருத்தி, தடவினால் கொழுப்பே தட்டுப்படாவிட்டால் 1. கண்ணுக்கு விலா தெரியாமல், தடவினால் மட்டும் தட்டுப்பட்டால் 5. கழுத்தும் தோளும் முதுகும் வால் அடியும் தடவிப் பாருங்கள். வயிறு பெருத்திருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், புழுவாலும் மட்டமான தீவனத்தாலும் வயிறு தொங்கும். 1-இல் இருக்கும் குதிரை 5-க்கு வர நான்கு முதல் பத்து மாதம் வரை ஆகலாம்.

குதிரை படுத்துவிட்டது, எழவில்லை. ஜேசிபி வைத்துத் தூக்கலாமா?

கழுத்திலோ காலிலோ கயிறு கட்டித் தூக்கினால் மூட்டு விலகும், தண்டுவடம் முறியும். தூக்குவதானால் அகலமான பட்டைகள் இரண்டு வேண்டும். ஒன்று முன்னங்கால்களுக்குப் பின்னால், மற்றொன்று பின்னங்கால்களுக்கு முன்னால். தலையை ஒருவர் தாங்க வேண்டும். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

அதுவரை செய்ய வேண்டியது: பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கவிடாமல், மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் கட்டோ உமி மூட்டையோ அண்டை கொடுங்கள். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் அடிப்பக்கத் தசை செத்துப்போகும், இடுப்பு முனையில் படுக்கைப்புண் வரும். கண்ணுக்கடியில் மடித்த துணி வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் எழ முடியாத பட்டினிக் குதிரை பிழைப்பது அரிது.

வீட்டில் மாட்டு மருந்தும் மாட்டுத் தீவனமும் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன.

உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் மாட்டுக்குச் சரி. குதிரைக்கு அது குடலின் அசைவையே நிறுத்தி அடைப்பை உண்டாக்கும். உண்ணியைக் கையால் எடுங்கள், மருந்தை மருத்துவர் சொல்லட்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசியைக் குதிரையின் தசையில் போட்டால் அந்த இடத்தில் உயிருக்கு ஆபத்தான சீழ்த்தொற்று வரலாம். குதிரைக்கு அது வாய்வழிக் களிம்பாகத்தான்.

கோழித் தீவனத்தின் பக்கம் குதிரை போகவே கூடாது. இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் வகை மருந்துகள் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின் உண்டு, மூட்டையின் சீட்டைப் படியுங்கள். கோழிப்பண்ணைக்குச் சென்று வந்த வண்டியில் தீவனம் ஏற்றி வரும்போதும் கூட்டித் துடைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

கம்பு நேப்பியர் நிறைய விளைகிறது. தவிடும் இருக்கிறது. அதிலேயே வளர்க்கலாமே?

மாட்டை வளர்க்கலாம். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். மாட்டின் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் குடலில் அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். இதோடு தவிடும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். சில மாதங்களில் நொண்டும். மெல்லும்போது வலிக்கும். தாடையும் மூக்கெலும்பும் புடைத்து முகம் பெருத்துவிடும். 'குதிரை கொழுத்துவிட்டது' என்று அதைச் சொல்வார்கள்.

வேறு வழியில்லாமல் நேப்பியர் போடுகிறவர்கள் அதைப் பாதிக்குக் குறைத்து, மீதியை அருகம்புல்லாலும் குதிரை மசாலாலும் நிரப்புங்கள். தவிட்டை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். மருத்துவர் சொல்லும் அளவில் சுண்ணாம்புக்கல் தூள் சேருங்கள். கல்லுப்பு நாளுக்கு சுமார் 30 கிராம், வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதலாக. மண் தரையில் கொட்டாமல் ரப்பர் தொட்டியில் போடுங்கள், தீவனத்தோடு போகும் மணல் குடலில் தங்கும்.

கொள்ளு எப்போது கொடுக்கலாம்?

முதல் மூன்று வாரம் வேண்டாம். பிறகு ஊறவைத்து வேகவைத்த கொள்ளு 100 கிராமில் தொடங்கி, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை 100 கிராம் ஏற்றி, மட்டக்குதிரைக்கு நாளுக்கு ஒரு கிலோவைத் தாண்டாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். எடை ஏற இன்னொரு வழி கடலை எண்ணெய்: 30 மில்லியில் தொடங்கிச் சில வாரங்களில் 150 மில்லி வரை.

புதிதாக வந்த குதிரையை மற்றக் குதிரைகளோடு விடலாமா?

30 நாள் தனியே. தனி வாளி, தனி தொட்டி, தனி துடைப்பம். அதைக் கடைசியாகத்தான் கவனிக்க வேண்டும், கவனித்த கையோடு மற்றக் கொட்டிலுக்குப் போகக் கூடாது.

காரணம் முக்கியமாக கிளாண்டர்ஸ். மூக்கில் சீழ், தோலுக்கடியில் சரம் சரமாகக் கட்டி உடைந்த புண், விடாத காய்ச்சல் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். இது மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடிய பாக்டீரியா. 2009-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்கை செய்ய வேண்டிய நோய். கால்நடைத் துறையினர் எடுக்கும் இரத்த மாதிரி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பரிசோதனை வழியாகவே உறுதி செய்யப்படும். உறுதியானால் சிகிச்சை கிடையாது, கருணைக்கொலைதான். எந்தக் குதிரை வந்தாலும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சர்ரா. கடிக்கும் ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, கால் வீக்கம், பின்புறத் தள்ளாட்டம். நல்ல தீவனம் போட்டும் எடை ஏறாத குதிரைக்கு இதைச் சந்தேகித்து இரத்தம் பாருங்கள்.

குடற்புழு நீக்கம் முதல் நாளே செய்யலாமா?

வேண்டாம். குடல்சுவருக்குள் ஒளிந்திருக்கும் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் பலவீனமான குடல் வீங்கிக் கழிச்சல் பிடிக்கும். லத்தியில் முட்டை எண்ணிக்கை பார்த்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு, நாடா அளவில் கிடைத்த எடைக்கேற்ப மருந்து. மெலிந்த குதிரைக்கு மாக்சிடெக்டின் தவிர்க்கப்பட வேண்டியது. அது கொழுப்பில் தங்கும் மருந்து, கொழுப்பே இல்லாத உடலில் நஞ்சாகும்.

சேணப்புண்ணுக்கும் வார் வெட்டுக்கும் என்ன மருந்து?

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். பொவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்க்கவைத்துக் கடைசியாக ஒரு முறை. சாணம், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் எதுவும் கூடாது. ஈ வராமல் இருக்க வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றிப் பூசுங்கள், புண்ணுக்குள் அல்ல.

கழுவுவதைவிட அவசரமானது டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னிக்கான தடுப்பு. வீட்டு விலங்குகளில் குதிரை அளவுக்கு டெட்டனஸுக்கு ஆளாவது வேறில்லை. சீமைக்கருவேல முள் குளம்பில் ஏறினாலே போதும். தடுப்பூசி வரலாறு தெரியாத, காயம்பட்ட குதிரைக்கு அன்றே எதிர்நச்சு ஊசி, கூடவே தடுப்பூசியின் முதல் தவணை, நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

குளம்பு செருப்பு மாதிரி வளர்ந்து வளைந்திருக்கிறது. ஒரே நாளில் வெட்டிவிடலாமா?

பல மாதம் வளைந்திருந்த குளம்புக்கேற்ப தசைநாண்களும் சுருங்கியிருக்கும். ஒரேயடியாக வெட்டினால் நிற்கவே முடியாது. இரண்டு, மூன்று வார இடைவெளியில் நான்கைந்து தடவையாகக் குறைத்து, பிறகு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை சீர்செய்வது என்ற ஒழுங்குக்கு வாருங்கள். மாட்டுக்கு லாடம் அடிப்பவருக்குக் குதிரைக் குளம்பு புதிது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு லாடமே தேவையில்லை, கழற்றிவிடலாம்.

அடியில் உள்ள முக்கோண மெத்தைப் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாக, நாற்றத்தோடு கசிவு இருந்தால் அழுகல். ஈரத்தரைதான் காரணம். தினமும் கொக்கியால் சுரண்டிச் சுத்தம் செய்து, தரையை உலர்த்தினாலே பாதி குணமாகும். குளம்பு சூடாக இருந்து, அதற்கு மேலே நாடி பலமாகத் துடித்தால் குளம்பு அழற்சி. அன்றே மருத்துவர் வேண்டும்.

தின்கிறது, ஆனால் மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறது?

பல். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தியாக வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கிறது. மருத்துவர் அரத்தால் ராவிவிட வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பல் தேய்ந்த கிழக்குதிரைக்குக் குதிரை மசாலைப் பொடியாக நறுக்கி ஊறவைத்துக் கொடுங்கள்.

சித்திரை வெயிலைத் தாங்குமா?

நிழலும் தண்ணீரும் இருந்தால் தாங்கும். மட்டக்குதிரைக்கு நாளுக்கு 20 முதல் 30 லிட்டர், கோடையில் அதற்கும் மேலே. கொட்டில் 10 அடிக்கு 10 அடி, பெரிய குதிரைக்கு 12-க்கு 12. தகரக்கூரை என்றால் மேலே தென்னங்கீற்று வேய வேண்டும். இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் உடல் முழுதும் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூட்டில் இருக்கும் குதிரைமேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் இழுத்துக்கொள்ளும் என்பது தவறான நம்பிக்கை. வெயிலில் நின்றும் வியர்க்காத குதிரையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், வியர்வை வற்றுவது ஒரு நோய்.

வேலியோரத்தில் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், காய்ந்த சில இலைகளே உயிரை வாங்கும். ஆமணக்கும் அப்படித்தான்.

குதிரைக்காரரிடமிருந்து நாமே பிடுங்கிக்கொண்டு வரலாமா?

கூடாது, அது திருட்டு வழக்காகும். தேதியோடு படம் எடுத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பட்டினி போடுவதையும் நோயுற்ற விலங்கை வேலை வாங்குவதையும் குற்றமாக்குகிறது. அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், மனம் வெறுக்கும் தொகை. ஊனப்படுத்தினாலோ கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் சேர்க்கக் கேளுங்கள், அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வண்டிக்குதிரை என்றால் 1965-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன: நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை ஓட்டக் கூடாது, முள் வைத்த கடிவாளம் கூடாது. வழக்கு நடக்கும்போது குதிரையைக் காப்பகத்தில் வைக்க 2017-ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன.

உரிமையாளர் பெரும்பாலும் தீவனத்துக்குக் காசில்லாதவர். வழக்குக்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். ஒப்படைக்கச் சம்மதித்தால் இரண்டு சாட்சிகளோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேறிய குதிரையைத் தத்தெடுக்கலாமா? பிள்ளைகள் ஏறலாமா?

250 கிலோ குதிரை நாளுக்கு 5 முதல் 6 கிலோ உலர்தீவனம் தின்னும், மாதத்துக்கு 150 முதல் 180 கிலோ. 20, 25 ஆண்டு வாழும். ஒற்றைக் குதிரையாக வைத்தால் ஏங்கும், கழுதையோ ஆடோ துணைக்கு வேண்டும். முள்கம்பி வேலி கூடாது. ஆண் குதிரை என்றால் உடல் தேறியதும் காயடிப்பு முடித்தே கொடுக்க வேண்டும். பெண் குதிரைக்குச் சினைப் பரிசோதனை அவசியம். சினைக்காலம் 11 மாதம் என்பதால், மெலிந்து வந்த குதிரை திடீரென்று குட்டி போடுவது உண்டு. சவாரியைப் பற்றி, மதிப்பெண் 5-க்கு வந்து, முதுகுப்புண் ஆறி, நொண்டல் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு யோசிக்கலாம். ஊர்வலத்துக்கும் பந்தயத்துக்கும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால்?

கால் எலும்பு முறிந்து வெளியே வந்தது, குளம்பு உறையே கழன்றது, மூன்று நாளாக எழாமல் படுக்கைப்புண் எலும்பு வரை போனது, வலியில் தீவனத்தையே திரும்பிப் பார்க்காதது: இவற்றில் இழுத்தடிப்பது குதிரைக்காக அல்ல, நமக்காக. மருத்துவர் முதலில் மயக்கம் கொடுத்து, பிறகு ஊசி போடுவார். பழகிய ஒருவர் தலைமாட்டில் இருக்கட்டும். ஊசி போட்ட உடலை நாயோ பருந்தோ தின்றால் அவையும் சாகும் என்பதால், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, 8 அடி ஆழக் குழி வெட்டி, அன்றே மூடிவிட வேண்டும்.